கோட் போட்ட ஆட்டக்காரன்

தண்டவாளத்தைக் காணவில்லை.

பாம்பன் ஜங்ஷனில் நின்ற போட் மெயில் ரயிலின் கார்டு அப்படித்தான் வந்து சொன்னார். ஆடிக் காற்று இரண்டு நாளாக வாரி இறைத்ததில் தனுஷ்கோடிப் பாதை மணலுக்குள் போய்விட்டதாம். கூலி ஆட்கள் மண்வெட்டியோடு போயிருக்கிறார்கள். அவர்கள் அள்ள அள்ளக் காற்று நிரப்புகிறது. பாதை தெரிந்தால்தான் ரயில், ரயில் போனால்தான் கப்பல், கப்பல் போனால்தான் கொழும்பு.

"எப்போது கிளம்பும்?" என்று கேட்டார் மேனேஜர் குல்கர்னி.

"என்னைக் கேட்டால்? காற்றைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கார்டு டீ குடிக்கப் போனார்.

குல்கர்னி பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்தது சாதாரணக் கூட்டமில்லை. இந்தியாவின் கால்பந்து அணி. ஆசியாவில் எந்த ஊர் மைதானத்தில் இறங்கினாலும் எதிராளி முதலில் இவர்கள் காலைத்தான் பார்ப்பான். கல்கத்தா, ஹைதராபாத், பம்பாய், மைசூர் என்று மூலைக்கு ஒருவராகப் பிறந்த இத்தனை கெட்டிக்காரர்கள் எப்படி ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கொழும்பில் அவர்களுக்கு மூன்று ஆட்டங்கள் காத்திருந்தன. இங்கே ஒருவன் சீட்டுக்கட்டை ஜன்னல் வழியே எறிந்துவிட்டிருந்தான். இன்னொருவன் மேல் பலகையில் படுத்தபடி கூரையை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒருவன் மட்டும் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தான். யாக்கோபு.

இந்தியாவில் எத்தனையோ ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் எதில் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். பாம்பனில்தானா நிற்க வேண்டும்? பிளாட்பாரத்தைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அவன் வீடு.

யாக்கோபு லெஃப்ட் அவுட், இடது ஓரமாக ஏறி ஆடும் ஆட்டக்காரன். சென்னையில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆடி, அங்கிருந்து இந்திய அணிக்கு வந்தவன். இது அவனுக்கு மூன்றாவது சுற்றுப்பயணம். முதல் இரண்டிலும் அவன் மைதானத்தில் கால் வைக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. காரணம், தபன் என்ற கல்கத்தாக்காரன். அதே லெஃப்ட் அவுட். ஒல்லிக் கால்கள். பந்து அவனிடம் வந்தால் எதிராளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தபன் பத்து வருஷம் முன்னால் பிறந்திருந்தால், அல்லது பின்னால் பிறந்திருந்தால், யாக்கோபுதான் இந்தியாவின் லெஃப்ட் அவுட். தபன் அப்படியெல்லாம் செய்யவில்லை. யாக்கோபு பிறந்த அதே வருஷத்தில் பிறந்து தொலைத்தான்.

ஆகவே அணிக்காரர்களுக்குத் தரும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானக் கோட்டுக்கு வெளியே உட்காருவதே யாக்கோபுவின் வேலையானது.

ஊரில் இதை அவன் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. "ஆட்டமெல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டால் "நல்லாப் போச்சு" என்பான். ஆட்டம் நல்லபடியாகத்தான் போயிருந்தது. மேலே கேட்பதற்குள் படகைப் பற்றியோ மீனைப் பற்றியோ பேச்சை மாற்றிவிடுவான்.

"ஏலே யாக்கோபு!"

ஜன்னல் பலகை தடதடவென்று அடிபட்டது. அக்காள் புஷ்பமேரியின் குரல். அந்தக் குரலுக்கு முன்னால் ஆடிக் காற்று எம்மாத்திரம்!

"உள்ளதான் இருக்கேன்னு தெரியுதுலே. கூடப்பொறந்தவளப் பாத்து மூஞ்சிய மறைக்கிறியாக்கும்? தொறடா!"

திறந்தான். அக்காள் தலையில் ஒரு பெரிய சட்டி. பின்னால் அவள் புருஷன் சவேரியார். அவர் பின்னால் பாதி ஊர். காற்றுக்குப் பயந்து யாரும் கடலுக்குப் போகவில்லை. வேலையில்லாத ஊருக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா?

சட்டியில் பொரித்த மீன். இரண்டு நாளாக ரயில் சோற்றைத் தின்ற அணி அதன்மேல் பாய்ந்தது. எல்லோரிலும் அதிகம் பாய்ந்தவன் ஹைதராபாத்காரன். நீண்ட மூக்கும் நறுக்கிய மீசையுமாக லெஃப்ட் அவுட்டுக்குப் பின்னாலிருந்து பந்து தள்ளிக் கொடுக்கும் லெஃப்ட் ஹாஃப். அவனை எல்லோரும் நவாப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாருலே இது? முள்ளோட முழுங்குறாரு?" என்றாள் புஷ்பமேரி.

"நவாப், அக்கா."

"நவாபா? அந்த ஊர்ல நவாபுக்கே சோறு போடுறதில்லையா?"

யாக்கோபு இதை மொழிபெயர்த்துச் சொல்ல, நவாப் எழுந்து அவளுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு அடுத்த துண்டை எடுத்தான்.

சவேரியார் சங்கு குளிக்கிறவர். அகலமான மார்பு. ஆழத்தில் போய் வந்து ஒரு காது மந்தம். அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவார்.

"ஏன் மாப்ள, ரயிலு இப்பப் போகாதாமுல்ல. சும்மாதான கெடக்கீக. ஒரு ஆட்டம் போட்டா என்ன? பாம்பனுக்கும் இந்தியாவுக்கும்!"

ஊர் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பிலேயே ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பொட்டலில் பக்கத்துக்கு இரண்டாகத் துடுப்புகள் கோல் கம்பங்களாக முளைத்துவிட்டன.

யாக்கோபு அவசரமாகக் குறுக்கிட்டான். "அதெல்லாம் முடியாது மச்சான். மேனேஜர் விட மாட்டாரு."

குல்கர்னியும் விட மறுக்கத்தான் செய்தார். மணல், காற்று, எவனாவது காலை ஒடித்துக்கொண்டால் கொழும்பில் யார் பதில் சொல்வது? ஆனால் அணி கேட்கவில்லை.

"உட்கார்ந்து உட்கார்ந்து கால் கட்டையாகிவிட்டது, சாப். இன்னும் கொஞ்ச நேரம் இந்தப் பெட்டியில் அடைத்து வைத்தால் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வோம்" என்றான் நவாப். மேல் பலகைக்காரன் அதற்குச் சாட்சியாகக் கூரையை ஓங்கி உதைத்தான்.

குல்கர்னி தோற்றார். "அரை மணி. பூட்ஸ் வேண்டாம், வெறுங்கால். யாரும் யார் மேலும் மோதக்கூடாது." பிறகு ஆடுகிற பதினொரு பெயர்களை வாசிப்பதுபோல ஒப்பித்தார். அவருக்கு அது மனப்பாடம். எல்லோருக்குமே மனப்பாடம். கடைசிப் பெயர் தபன்.

யாக்கோபு பழக்கத்தில் கோட்டை எடுத்து மாட்டினான். துண்டுகளை மடித்துக் கையில் போட்டான். ரயில் பெட்டியின் படியில் ஒரு கால் வைத்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

வெளியே ஊர் நின்றது. அக்காள் நின்றாள். இதுவரை தூர தேசத்தில் உட்கார்ந்திருந்தான், யாரும் பார்க்கவில்லை. இப்போது அவர்கள் கண்ணெதிரே துண்டு சுமந்துகொண்டு போய் உட்கார வேண்டும். இன்று ஆடாவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் முன்னால் இனி எந்த நாளும் அணியின் நீலச் சட்டை போட்டு நிற்கப்போவதில்லை. ரயில் இன்னொரு தடவை அவனுக்காக மணலில் சிக்காது.

திரும்பினான்.

"சார். நான் ஆடுகிறேன்."

குல்கர்னி நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

"இது என் ஊர் சார். தபனுக்குப் பதில் நான்."

இத்தனை நாளில் யாக்கோபு அவரிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணீர்கூடத் தானே போய் எடுத்துக்கொள்வான். குல்கர்னி ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"இதுவரை ஏன் ஒரு தடவையும் கேட்டதில்லை?"

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா சார்?"

"இல்லை" என்றார் குல்கர்னி நேர்மையாக. "தபன், சட்டையைக் கழற்று."

தபன் சிரித்துக்கொண்டே கழற்றி எறிந்தான். "ஜாக்கிரதை. அது என் அதிர்ஷ்டச் சட்டை."

வெளிர் நீலச் சட்டை. யாக்கோபு அதைத் தலைவழியே மாட்டினான். துணி சற்றே இறுக்கம். பரவாயில்லை. படியிலிருந்து மணலில் குதித்து, பொட்டலை நோக்கி ஓடினான். ஊர் இப்போது கத்தும். அக்காள் கத்துகிற கத்தில் கடலுக்கு அக்கரையில் மண்டபம் வரை கேட்கும்.

யாரும் கத்தவில்லை.

கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. காற்று மட்டும் விசில் அடித்தது. புஷ்பமேரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"மாதாவே! ஏலே, என்னடா தப்புப் பண்ணுன?"

"தப்பா? என்னக்கா சொல்ற?"

"கோட்டு எங்கடா? கோட்டக் கழட்டிப்புட்டானுகளா?"

"ஆடப் போறேன்க்கா. கோட்டோட எப்படி ஆடுறது?"

"அதத்தான்டா கேக்குறேன்! உன்னிய எதுக்கு எறக்கி விட்டானுக? உக்காந்து இருந்தவனை!" அவள் குரல் உடைந்தது. சுற்றியிருந்த பெண்கள் முகங்களும் ஒரு சாவு வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டன.

யாக்கோபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சவேரியாரைப் பார்த்தான். அவர் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். தனியாக என்றாலும் அவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

"நெசத்தச் சொல்லு மாப்ள. மேனேஜர்ட்ட ஏதும் மொறச்சுக்கிட்டியா?"

"ஐயோ, இல்ல மச்சான். நான் ஆடலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? டீக்கடைல படமே ஒட்டியிருக்கே!"

பத்திரிகையில் வந்த படம் அது. போன பயணத்தில் எடுத்தது. ஆட்டம் முடிந்து பதினொரு பேர் சேறும் வேர்வையுமாக, அரைக்கால் சட்டையோடு நிற்கிறார்கள். ஓரத்தில் யாக்கோபு மட்டும் மடிப்புக் கலையாத கோட்டில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். தனக்கு இதைவிட அவமானம் வேண்டாம் என்று அந்தப் படத்தைப் பார்த்து அவன் நினைத்திருந்தான்.

ஊர் பார்த்த படம் வேறு.

சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறுதான் உயிர். இடுப்பில் கட்டிய கயிற்றோடு அவன் அடியில் போவான். மேலே படகில் ஒருவன் மறுமுனையைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். கீழே ஒரு சுண்டு சுண்டினால் மேலே தூக்க வேண்டும். தாமதித்தால் பிணத்தைத்தான் தூக்கலாம். அதனால் அந்த இடத்தில் கண்டவனை உட்கார வைக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் வைப்பார்கள். தன் அக்காள் தாலியறுவதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற கணக்கு. சென்னைக்குப் போகும் வரை சவேரியாருக்குக் கயிறு பிடித்தவன் யாக்கோபு.

"பதினோரு பேரு உள்ள எறங்கி உருளுறான். ஒருத்தன் மட்டும் நனையாம மேல உக்காந்து பாக்குறான்னா அவன் யாரு?" என்றார் சவேரியார். "அம்புட்டுப் பேரு உசுரையும் நம்மூருக்காரன் கைல குடுத்திருக்கான்னு வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறோம். இப்பக் கயித்தப் புடுங்கிட்டு உன்னியத் தண்ணிக்குள்ள தள்ளுனா, என்னன்னு நெனைக்கிறது?"

யாக்கோபுவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பயணமாக எதை மறைத்து மறைத்து ஓடினானோ, அதை இவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்திருக்கிறார்கள்.

"ஆமா, கயிறு என் கைலதான்" என்று சொல்லிவிட்டால் போதும். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடலாம். ஊர் முன்னால் ராஜா. எந்தக் காலத்திலும் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

நடுப் பொட்டலில் நவாப் பந்தைக் காலில் தட்டியபடி நின்றான். "என்ன, வருகிறாயா, இல்லை இரண்டு நாளைக்கு இப்படியே பேசிக்கொண்டிருக்கிறாயா?"

யாக்கோபு மச்சானைப் பார்த்தான்.

"மச்சான், நான் ஒண்ணு கேக்கவா? இத்தன வருசம் ஒங்களுக்குக் கயிறு புடிச்சேன். ஒரு நாளாவது, ஒரு தடவ உள்ள போய்ப் பாக்குறியான்னு கேட்டீகளா?"

பிடித்திருந்த அவன் கையைச் சவேரியார் விட்டார்.

"கயித்தப் புடிக்கிறவனுக்கும் தண்ணில எறங்கணும்னு இருக்கும் மச்சான். கை அங்கன இருந்தாலும், நெனப்புப் பூரா அடியிலதான் கெடக்கும். எனக்கு உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது. யாரும் தள்ளல. நானாத்தான் கேட்டு எறங்குறேன்."

மந்தக் காதை விட்டு மறு காதைத் திருப்பிக் கேட்டார் சவேரியார். பிறகு ரயிலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். திரும்பி வரும்போது கையில் யாக்கோபுவின் நீலக் கோட். வெறும் மேலில் அதை மாட்டப் பார்த்தார். ஒரு கை நுழைந்தது. மறு தோளில் தையல் பிரியும் சத்தம் கேட்டது. அப்படியே பாதி மாட்டியபடி போய், மைதானக் கோட்டுக்கு வெளியே கிடந்த தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப எறங்கு மாப்ள. நான் இருக்கேன்."

"யோவ், நீரு நம்ம டீமுல பின்னால நிக்கிற பேக்கு!" என்று பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. "நீரு போய்ட்டா எங்க கதி?"

"நான் இருந்தா மட்டும் ஜெயிச்சிருவீகளாக்கும்? ஆடுங்கடா!"

குல்கர்னி விசில் ஊதினார்.

ஊரே வாய் பிளந்த ஆட்டம் அது. பாம்பன் பையன்கள் காற்றோடு பந்தை ஓட விட்டுத் துரத்துகிறவர்கள். இவர்களோ பந்தை ஓட விடவே இல்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு அது தானாகப் போவது போல இருந்தது. பார்த்தால் ஒருவரும் அவசரப்படவில்லை. ஆனால் பாம்பன் ஆட்கள் எங்கே போனாலும் பந்து அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அங்கிருந்து கிளம்பியிருந்தது. ஒரு கிழவர் உட்கார்ந்தவர் எழுந்து நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

யாக்கோபு மட்டும் அந்த ஓட்டத்தில் சேரவில்லை. நவாப் பந்தைப் பார்க்காமலே இடது ஓரத்துக்குத் தள்ளினான். பந்து கோட்டைத் தாண்டி முள்ளில் போய் விழுந்தது. யாக்கோபு அதற்குள் ஓரத்தை விட்டு உள்ளே வெட்டி ஓடியிருந்தான். மறுபடியும் அதே. நவாபுக்குத் தபன் எங்கே நிற்பான் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். யாக்கோபு எங்கே நிற்பான் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

"இவனுக்கு அந்த எடமே நல்லாருந்துச்சு" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"வாய மூடுவே! என் தம்பி இப்பத்தான எறங்கியிருக்கான். மூச்சுக் கட்டட்டும்!" என்று பாய்ந்தாள் புஷ்பமேரி.

யாக்கோபு நவாபிடம் ஓடினான். "அண்ணே, என்னைப் பார்த்துத் தள்ளு. தபன் அங்கே இல்லை. நான்தான் இருக்கிறேன்."

நவாப் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தான். அவமானப்பட்டவன்போல மீசையைத் தடவினான்.

அடுத்த தடவை தலையை நிமிர்த்தினான். தேடினான். பந்து இரண்டு பேருக்கு நடுவே, யாக்கோபு வந்துகொண்டிருந்த பாதையில் வந்தது. யாக்கோபு அதை நிறுத்தவில்லை. ஓடுகிற காலோடு சேர்த்துக்கொண்டான். ஒருவன் குறுக்கே வந்தான், அவனைத் தாண்டினான். இன்னொருவன் மணலில் சறுக்கினான். கோல்காரன் முன்னால் ஓடி வந்தான். யாக்கோபு இடது காலால் ஒரு தட்டுத் தட்டினான். பந்து காற்றில் கொஞ்சம் வளைந்து, துடுப்புக்கு உள்பக்கமாகப் போய்க் கடலைப் பார்த்து ஓடியது.

இப்போது கத்தியது ஊர். தனக்கு எதிராகப் போட்ட கோலுக்கு அப்படிக் கத்திய ஊரை நவாப் எங்கும் பார்த்ததில்லை. சவேரியார் தகரப் பெட்டியை இரண்டு கையாலும் பறையாக்கினார். கோட்டின் மறு தோளும் பிரிந்தது.

"இன்னொண்ணு! இந்தப் பக்கமே தள்ளு!" என்று கத்தினான் யாக்கோபு.

நவாப் தள்ளினான். யாக்கோபு வாங்கினான். கோடு ஓரமாக ஓடத் தொடங்கினான். எஞ்சின் நீளமாக ஊதியது.

பாதை தெரிந்துவிட்டது. காற்று மறுபடி மூடுவதற்குள் போயாக வேண்டும். கார்டு கொடியை ஆட்டிக்கொண்டே கத்தினார். இந்தியாவின் கால்பந்து அணி வெறுங்காலோடு ரயிலைப் பார்த்து ஓடியது. யாக்கோபு மட்டும் பந்தோடு இன்னும் நாலு எட்டு ஓடிவிட்டு, காலியாகக் கிடந்த கோலுக்குள் அதை உதைத்துவிட்டுத்தான் திரும்பினான்.

சவேரியார் கிழிந்த கோட்டை ஜன்னல் வழியே நீட்டினார். "தையலு போச்சு மாப்ள."

"போகட்டும் மச்சான்."

"நல்லா இருந்துச்சாடா உள்ள?" என்றாள் புஷ்பமேரி. அவளுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. "அங்கன போயும் எறங்கத்தான் போறியா?"

"விட்டா எறங்குவேன்க்கா."

"எறங்குனா பாத்து எறங்கு. முள்ளு கெடக்கும்."

ரயில் நகர்ந்தது. பெட்டிக்குள் எல்லோரும் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாக்கோபு சட்டையைக் கழற்றித் தபனிடம் கொடுத்தான். தபன் அதை வாங்கி, நனைந்திருந்ததைப் பார்த்து, ஜன்னல் கம்பியில் காயப் போட்டான்.

குல்கர்னி பையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கொழும்பில் முதல் ஆட்டம். அதே பதினொரு பேர்" என்று அறிவித்தார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நவாப் மட்டும் பார்த்தான்.

யாக்கோபு இடத்தில் உட்காரவில்லை. ஆடுகிற பெட்டியில் பலகைகளைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் எதிரே வந்து நின்றான்.

"சார், இரண்டாவது ஆட்டத்தில்?"

"கொழும்பு போனதும் பார்க்கலாம்."

"மூன்றாவதில்?"

குல்கர்னி கண்ணாடியைக் கழற்றினார். "யாக்கோபு, நீ மணலில், மீன்பிடிக்கிறவர்களுக்கு எதிராக ஒரு கோல் போட்டிருக்கிறாய்."

"தெரியும் சார்."

"தபன் எப்படிப்பட்டவன் என்றும் உனக்குத் தெரியும்."

"என்னைவிட யாருக்குத் தெரியும் சார்? இரண்டு பயணமாக அவனைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை."

குல்கர்னி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போய் உட்கார்" என்றார்.

"நாளைக்கும் கேட்பேன் சார்."

"கேள்."

"நாளை மறுநாளும்."

"போய் உட்கார், யாக்கோபு!"

அவன் உட்காரவில்லை. கதவருகே போய் நின்றான். வெளியே இரண்டு பக்கமும் கடல் கொதித்துக்கொண்டிருந்தது. கூலி ஆட்கள் மண்வெட்டியை ஊன்றி நின்று ரயிலுக்கு வழிவிட்டார்கள். பின்னாலேயே வந்து நின்ற நவாப் ஒரு பீடியைப் பற்றவைக்கப் பார்த்தான். காற்று விடவில்லை.

"நீ உள்ளே வெட்டுவதற்கு முன்னால் எந்தத் தோளைச் சாய்ப்பாய்?" என்று கேட்டான்.

"வலது."

"எப்போதுமா?"

"எப்போதும்."

நவாப் தலையாட்டினான். அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு, கதவுக்கும் கக்கூஸுக்கும் நடுவே இருந்த அந்தக் குறுகிய இடத்தில், இல்லாத பந்து ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினான்.

"பந்து இங்கே வந்தால்?"

"இன்னும் கொஞ்சம் முன்னால்" என்றான் யாக்கோபு.